கடலில் இறங்கும் முன் கொடியைப் பாருங்கள்

பள்ளி விடுமுறை விட்டுவிட்டால் பினாங்கின் பத்து பெரிங்கி கடற்கரைச் சாலையில் கார்கள் ஊர்ந்துதான் போகும். கோலாலம்பூர், ஈப்போ, சுங்கை பட்டாணி என்று எல்லாப் பக்கமிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். பெரியவர்கள் பாய் விரித்துச் சோற்றுத் தூக்கை இறக்கி வைப்பதற்குள் பிள்ளைகள் இடுப்பளவு தண்ணீருக்குப் போயிருப்பார்கள். பக்கத்திலேயே மணலில் நட்ட கம்பத்தில் ஒரு சிவப்புக் கொடி படபடத்துக்கொண்டிருக்கும். அதை நிமிர்ந்து பார்ப்பவர்கள் குறைவு. பார்த்தவர்களிலும் "அது எப்பவும் இருக்கிறதுதானே" என்று சொல்லிவிட்டு நடப்பவர்கள் உண்டு.

அந்தக் கொடி ஒரு முடிவு. கடலைப் பார்க்கப் பழகிய ஒருவர் அன்றைய அலையையும் காற்றையும் நீரோட்டத்தையும் கவனித்துவிட்டு எடுத்த முடிவு. இடத்தைப் பொறுத்து அவர் உயிர்காப்பாளராக இருக்கலாம், பொதுத் தற்காப்புப் படையைச் சேர்ந்தவராக இருக்கலாம், கடலோர ஹோட்டலின் ஊழியராகவும் இருக்கலாம். காலையில் மஞ்சள் பறந்த கம்பத்தில் மதியம் சிவப்பு ஏறலாம். அதனால் வந்ததும் ஒரு முறை பார்த்தால் போதாது. சாப்பிட்டு முடித்து மறுபடி தண்ணீருக்குப் போகும்போதும் ஒரு முறை பார்க்க வேண்டும்.

நிறங்களுக்கு வருவோம். அனைத்துலக உயிர்காப்புக் கூட்டமைப்பு பரிந்துரைக்கும் கொடிகள் இருக்கின்றன. ஐஎஸ்ஓ 20712 என்ற அனைத்துலகத் தரத்திலும் கடற்கரைக் கொடிகளுக்கென்று ஒரு பகுதி உண்டு. ஒவ்வொரு நாடும் இவற்றை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை, சில்லறை வேறுபாடுகள் இருக்கும். ஆனால் அடிப்படை மாறாது. பினாங்கில் கற்றுக்கொண்டது பாலித் தீவிலும் ஆஸ்திரேலியாவிலும் பெரும்பாலும் உதவும்.

சிவப்பு என்றால் தண்ணீரில் இறங்கக் கூடாது. "முழங்கால் வரைக்கும் மட்டும்", "நான் நல்லா நீந்துவேன்", "அஞ்சு நிமிஷம்தான்" எதுவும் அங்கே செல்லாது. ஒரே கம்பத்தில் இரண்டு சிவப்புக் கொடிகள் பறந்தால், பல நாடுகளில் அந்தக் கடல் பகுதியே பொதுமக்களுக்கு மூடப்பட்டுவிட்டது என்று பொருள்.

மஞ்சள்தான் ஆட்களைக் குழப்புகிறது. அலையோ நீரோட்டமோ நடுத்தர அளவில் இருக்கிறது, நீச்சல் சரியாகத் தெரியாதவர்கள் இறங்க வேண்டாம், தெரிந்தவர்களும் ஆழத்துக்குப் போக வேண்டாம் என்பதுதான் அதன் செய்தி. நம் குடும்பங்களில் நீச்சல் கற்றவர்கள் எத்தனை பேர் என்று நேர்மையாக எண்ணிப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் ஒருவரோ இருவரோதான் தேறுவார்கள். அந்தக் குடும்பத்துக்கு மஞ்சள் கொடி கிட்டத்தட்ட சிவப்பு மாதிரிதான். கணுக்கால் நனைய நடக்கலாம், மணல் வீடு கட்டலாம், அதோடு சரி.

பச்சை பறந்தால் கடல் அமைதியாக இருக்கிறது. ஆபத்தே இல்லை என்று அது சொல்லவில்லை. குழந்தையைத் தனியே விடலாம் என்றும் சொல்லவில்லை.

அடுத்தது, தெரிந்துவைத்திருந்தால் மிகவும் உதவும் கொடி: மேல் பாதி சிவப்பு, கீழ்ப் பாதி மஞ்சள். சிவப்பைக் கண்டதும் பலர் இதையும் ஆபத்துக் கொடி என்று நினைத்துத் தள்ளிப் போய்விடுகிறார்கள். உண்மையில் அன்றைக்கு அந்தக் கரையிலேயே பாதுகாப்பான இடம் அதுதான். இப்படிப்பட்ட இரண்டு கொடிகளைச் சற்று இடைவெளி விட்டு நட்டிருப்பார்கள். அந்த இரண்டுக்கும் நடுவே உள்ள தண்ணீரைத்தான் உயிர்காப்பாளர் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார். கூட்டம் அதிகம் என்று சலித்துக்கொண்டு நூறு மீட்டர் தள்ளிப் போய்க் குளித்தால், அவர் பார்வையை விட்டு நீங்களே வெளியே போகிறீர்கள்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். ஊதா நிறம் என்றால் ஜெல்லிமீன் மாதிரி கொட்டும் உயிரினங்கள் வந்திருக்கின்றன. கறுப்பும் வெள்ளையும் நான்கு கட்டங்களாக இருந்தால், அது அலைச்சறுக்குப் பலகைகளுக்கும் சிறு படகுகளுக்கும் ஒதுக்கிய பகுதி, நீந்துபவர்கள் போகக் கூடாது. ஆரஞ்சு நிறத்தில் துணிக்குழாய் மாதிரி ஒன்று காற்றில் நீண்டு பறந்தால், கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசுகிறது என்று அர்த்தம். அப்போது காற்றடைத்த வாத்து, மிதவை வளையம், ரப்பர் மெத்தை எதையும் தண்ணீரில் விடாதீர்கள். பிள்ளை அதில் உட்கார்ந்திருக்க, காற்று அதைத் தள்ளிக்கொண்டு போகும் வேகத்துக்குப் பெரியவர்கள் நீந்தி எட்டிப் பிடிப்பது கடினம்.

கொடி பறக்கும் கடற்கரைக்கு இவ்வளவு போதும். என்னை உண்மையில் கவலைப்படுத்துவது கொடியே இல்லாத கடற்கரை. சிவப்பு இல்லை, தடுப்புக் கயிறு இல்லை, யாரும் விசில் அடிக்கவில்லை என்றால் கடல் நமக்குப் பச்சைக் கொடி காட்டிவிட்டதாக எடுத்துக்கொள்கிறோம். பறக்காத கொடிக்கு ஒரே பொருள்தான்: இந்தக் கடலை இன்றைக்கு யாரும் பார்த்துச் சொல்லவில்லை. உயிர்காப்பாளர்கள் நாள் முழுவதும் இருப்பதில்லை. மாலையில் கொடியை இறக்கிக்கொண்டு அவர்கள் போன பிறகும் வெயில் தணிந்தது என்று கூட்டம் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். தெலுக் பாஹாங் தேசியப் பூங்காவுக்குள் நடந்து போய்ச் சேரும் குரங்குக் கடற்கரை, பாலிக் புலாவ் பக்கம் பாசிர் பாஞ்சாங் போன்ற இடங்களில் கூப்பிட்ட குரலுக்கு ஆள் வருவார் என்று நம்பிப் போக முடியாது. அதே பூங்காவில் ஆமைகள் முட்டையிட வரும் பந்தாய் கெராச்சுட் பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும், ஆனால் அது குளிப்பதற்கான கடல் இல்லை.

பினாங்குக் கடலைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். சுமத்ரா தீவு ஒரு பக்கம் மறைப்பதால் மலாக்கா நீரிணையில் பொதுவாகப் பெரிய அலை எழும்பாது. நவம்பரிலிருந்து மார்ச் வரை கிழக்குக் கரையில், கிளந்தான், திரெங்கானு பக்கம் அடிக்கும் பருவமழை அலையோடு ஒப்பிட்டால் நம் கடல் சாதுவாகத்தான் தெரியும். அந்தச் சாதுத் தோற்றம்தான் ஏமாற்றுகிறது. இங்கே தண்ணீர் கலங்கல். தரை எங்கே சரிகிறது, பாறை எங்கே இருக்கிறது என்று மேலிருந்து பார்த்தால் தெரியாது. அதற்கும் மேலாக, கடல் ஏறி வற்றும் அளவு இங்கே பெரிது.

ஒரு நாளில் ஏறக்குறைய இரண்டு முறை கடல் ஏறும், இரண்டு முறை வற்றும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் பினாங்கில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் 2 மீட்டரைத் தாண்டும். ஏற்றத்துக்குச் சுமார் 6 மணி நேரம் ஆகும், ஆனால் தண்ணீர் ஒரே சீராக ஏறாது. முதலில் மெதுவாக, நடுவில் வேகமாக, கடைசியில் மறுபடி மெதுவாக. நடுவில் வரும் இரண்டு மணி நேரத்திலேயே மொத்த ஏற்றத்தில் பாதி ஏறிவிடும். அதாவது 1 மீட்டர். உங்கள் ஆறு வயதுப் பிள்ளை இடுப்பளவுத் தண்ணீரில் நின்று விளையாடிய அதே இடம், நீங்கள் சாப்பிட்டுச் சற்றே கண்ணயர்ந்து எழுவதற்குள் அவன் தலைக்கு மேல் போயிருக்கும். பிள்ளைக்கு அந்த இடம் பழகிய இடம். பயமில்லாமல் ஓடிப் போவான்.

இதை நம்மவர்கள் தனியாகக் கவனிக்க ஒரு காரணம் இருக்கிறது. நாம் கடலுக்குப் போவது குளிக்க மட்டும் இல்லை. மாசி மகத்துக்குத் தெலுக் பாஹாங் ஸ்ரீ சிங்கமுக காளியம்மன் கோயில் தெப்பத் திருவிழாவில் கரை நிறைய ஆட்கள் கூடுவார்கள். ஆடி அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுக்க விடியற்காலையிலேயே போகிறோம். அஸ்தி கரைக்கப் போகிறோம். மாசி மகம் பௌர்ணமியை ஒட்டி வருகிறது, ஆடி அமாவாசையோ பெயரிலேயே அமாவாசை. இரண்டும் கடல் மிக அதிகமாக ஏறி வற்றும் நாட்கள். ஆடி மாதம் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம் வேறு. சுமத்ரா பக்கம் திரண்டு நீரிணையைக் கடந்து வரும் சூறைக்காற்று பெரும்பாலும் விடிவதற்கு முன்போ காலையிலோதான் மேற்குக் கரையை வந்து அடிக்கும். நாம் தண்ணீரில் நின்று கண்மூடிக் கும்பிடும் நேரமும் அதுதான்.

அந்த நாட்களில் ஆட்கள் எப்படி இறங்குகிறார்கள் என்றும் பாருங்கள். சேலை, வேட்டி, துப்பட்டா. நனைந்த பருத்திச் சேலை காலோடு ஒட்டிக்கொண்டால் ஒரு சின்ன அலைக்கே நிலை தடுமாறும். முதியவர்களைக் கையைப் பிடித்துக்கொண்டு கணுக்கால் அளவிலேயே சடங்கை முடித்துவிடுங்கள். ஒரு செம்பில் கடல் நீரை மொண்டு கரையில் வைத்துத் தலையில் தெளித்துக்கொண்டாலும் புண்ணியத்தில் குறை வராது என்றே நான் நம்புகிறேன். துப்பட்டாவைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு இறங்குங்கள். குடும்பத்தில் ஒருவர் சடங்கில் கலந்துகொள்ளாமல் கரையில் நின்று தலைகளை எண்ணிக்கொண்டிருப்பது நல்லது.

இனி இழுப்பு நீரோட்டம். கடலில் நீந்துபவர்களுக்கு மிகவும் ஆபத்தானது இதுதான். அலை தண்ணீரைக் கரைக்குக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருக்கிறது. வந்த தண்ணீர் திரும்பிப் போயாக வேண்டும். பள்ளமான ஒரு தடம் கிடைத்தால் எல்லாம் அங்கே சேர்ந்து குறுகலான ஒரு ஆறு போல வேகமாகக் கடலுக்குள் ஓடும். மணல் திட்டுகளுக்கு நடுவில், பாறை ஓரத்தில், கல் தடுப்புக்குப் பக்கத்தில் இது உருவாகும். கரையில் நின்று பார்த்தால், இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஒரு துண்டுத் தண்ணீர் மட்டும் அலையில்லாமல், கொஞ்சம் கறுத்து, நுரையும் குப்பையும் வெளிப்பக்கமாக நகர்ந்துகொண்டிருக்கும். பார்ப்பவர்களுக்கு அந்த இடம்தான் அமைதியாகத் தெரியும். "அங்கே அலை இல்லை, பிள்ளைகளை அங்கே விடலாம்" என்று பெரியவர்களே அழைத்துப் போவார்கள்.

இந்த ஓட்டம் சில நேரம் நொடிக்கு 2.5 மீட்டர் வேகம் வரை போகும். ஒலிம்பிக் வீரராலும் அதை எதிர்த்து நீந்திக் கரை சேர முடியாது. ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள்: இழுப்பு நம்மை வெளியே கொண்டுபோகும், அடியில் இழுத்து அமுக்காது. ஆட்கள் மூழ்குவது பெரும்பாலும் பயந்துபோய் கரையை நோக்கி எதிர்த்து எதிர்த்து நீந்தித் தெம்பு தீர்ந்துபோவதால்தான். சிக்கிக்கொண்டால் முதலில் மல்லாந்து மிதந்து மூச்சை நிதானப்படுத்துங்கள். ஒரு கையைத் தூக்கி அசைத்துக் கூப்பிடுங்கள். நீந்தத் தெரிந்தால் கரையை நோக்கி நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்துங்கள். ஓட்டம் குறுகலானது, சிறிது தூரத்தில் அதன் பிடி விட்டுவிடும். அப்புறம் அலை உடைகிற பக்கமாகச் சாய்வாகக் கரைக்கு வரலாம். நீந்தத் தெரியாவிட்டால் மிதந்தபடியே இருங்கள். அலை உடையும் இடத்தைத் தாண்டியதும் இழுப்பு தானே தளர்ந்துவிடும்.

ஜெல்லிமீன் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஊதாக் கொடியை இங்கே எல்லா இடத்திலும் எதிர்பார்க்க முடியாது. "ஆவாஸ் ஓபோர்-ஓபோர்" என்று மலாயில் எழுதிய பலகைதான் பெரும்பாலும் இருக்கும். ஜெல்லிமீன் ஜாக்கிரதை என்று அர்த்தம். தமிழ்நாட்டிலிருந்து சுற்றிப் பார்க்க வருபவர்களுக்கு இதையும் "டிலாராங் மண்டி", அதாவது குளிக்கத் தடை, என்பதையும் சொல்லி வையுங்கள். தேசியப் பூங்காவுக்குள்ளேயே மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வு மையம் இருக்கிறது. பினாங்கு நீரில் பெட்டி ஜெல்லிமீன் வகைகள் இருப்பதை அதன் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த வகையில் சிலவற்றின் நஞ்சு உயிரைப் பறிக்கக்கூடியது. கொட்டிவிட்டால் உடனே தண்ணீரை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். தேய்க்காதீர்கள், மணலைப் பூசாதீர்கள், குழாய்த் தண்ணீரை ஊற்றாதீர்கள். இதெல்லாம் தோலில் ஒட்டியிருக்கும் நஞ்சுப் பைகளை வெடிக்க வைக்கும். பெட்டி ஜெல்லிமீன் கொட்டியதென்று சந்தேகம் வந்தால் சாதாரணச் சமையல் வினிகரைக் கொட்டிய இடத்தில் குறைந்தது 30 நொடி ஊற்றுங்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ அவசர எண் 999தான். கடற்கரைக்குப் போகும் பையில் ஒரு சின்ன வினிகர் போத்தல் இருந்தால் பாரமாகிவிடாது.

இடி சத்தம் காதில் விழுந்தால் வெளியே வந்துவிடுங்கள், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் மறுபடி இறங்க வேண்டும். பத்து பெரிங்கியில் ஜெட் ஸ்கீயும் வாழைப்பழப் படகும் கரைக்கு வந்து போகும் வழியில் குளிக்காதீர்கள். ஓட்டுபவருக்குத் தண்ணீர் மட்டத்தில் ஒரு பிள்ளையின் தலை தெரிவது கடினம். பீர் குடித்தவர்கள் கரையிலேயே இருக்கட்டும். இதில் பேச்சுக்கு இடமே இல்லை.

மூழ்குபவர் கத்துவார், கையை ஆட்டுவார் என்று எதிர்பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். மூச்சு விடவே திணறும் ஒருவருக்குக் கத்த மூச்சு இருக்காது. தலை பின்னால் சாய்ந்திருக்கும், வாய் தண்ணீர் மட்டத்தில் மேலும் கீழும் போகும், உடம்பு நிமிர்ந்து ஒரே இடத்தில் நிற்கும், கைகள் தண்ணீரை அமுக்கிக்கொண்டிருக்கும். பிள்ளை விளையாடுகிறான் என்றே தோன்றும். சத்தம் போட்டு விளையாடிய பிள்ளை திடீரென்று அமைதியானால் அந்த நொடியே ஓடுங்கள். சிறு பிள்ளைகள் என்றால் கையை நீட்டினால் தொடும் தூரத்தில் பெரியவர் ஒருவர் இருந்தாக வேண்டும். கையில் மாட்டும் காற்றுப் பையை நம்பி விடக் கூடாது, அது விளையாட்டுப் பொருள்.

ஒருவர் மூழ்குவதைப் பார்த்ததும் அண்ணன் குதிப்பார், அவரைக் காப்பாற்ற மாமா குதிப்பார். ஒரு குடும்பத்தில் இரண்டு மூன்று பேர் ஒன்றாகப் போவது இப்படித்தான். பயிற்சி இல்லாதவர் குதிக்கக் கூடாது. உயிர்காப்பாளரைக் கூப்பிடுங்கள், 999க்கு அழைக்கச் சொல்லுங்கள், மிதக்கும் எதையாவது தூக்கிப் போடுங்கள். மூடி இறுக்கிய காலி மினரல் போத்தல், ஐஸ் பெட்டி, பந்து எதுவானாலும் சரி. கரையில் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் மாற்றுச் சேலை ஐந்தரை மீட்டர் நீளம். அதைக் காலி போத்தலின் கைப்பிடியில் கட்டி வீசி, நீங்கள் படுத்துக்கொண்டோ எதையாவது பிடித்துக்கொண்டோ இழுக்கலாம்.

வெளியே எடுத்தவரைத் தலைகீழாகப் பிடிப்பது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது இரண்டும் வேண்டாம். வயிற்றில் உள்ளது மேலே வந்து மூச்சுக்குழாயில் இறங்கிவிடும், நேரமும் போய்விடும். மூச்சு இல்லையென்றால் தலையைச் சாய்த்து, தாடையை உயர்த்தி, முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊத வேண்டும். பிறகு மார்பின் நடுவில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று உதவி வரும் வரை நிறுத்தாமல் செய்ய வேண்டும். மூழ்கியவருக்கு முதலில் தேவைப்படுவது காற்று. கண் விழித்துப் பேசினாலும் மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள், நுரையீரலில் போன நீர் சில மணி நேரம் கழித்தும் தொல்லை கொடுக்கும்.

கொடியால் சொல்ல முடியாத ஒன்றும் உண்டு. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அன்றைய சுனாமியில் மலேசியாவில் இறந்த 68 பேரில் 50க்கும் மேற்பட்டவர்கள் பினாங்கில் இருந்தவர்கள். விடுமுறைக்குக் கடற்கரைக்கு வந்த குடும்பங்களும் அதில் இருந்தன. கடல் திடீரென்று வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினாலோ, நீண்ட நேரம் நில அதிர்வு தெரிந்தாலோ, எச்சரிக்கைச் சைரன் ஒலித்தாலோ மேட்டை நோக்கி ஓடுங்கள். துள்ளும் மீனைப் பொறுக்கவோ படம் எடுக்கவோ நிற்காதீர்கள். முதல் அலை போன பிறகும் கீழே இறங்காதீர்கள், அடுத்தடுத்து வரும்.

வீட்டை விட்டுக் கிளம்பும் முன் மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் மைசுவாச்சா (myCuaca) செயலியைத் திறந்து பலத்த காற்று, கொந்தளிப்பான கடல் எச்சரிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். அதன் முதல் நிலையிலேயே அலை 3.5 மீட்டர் வரை எழலாம், கடல் விளையாட்டுகளும் ஆபத்து என்று இருக்கும். அப்படியே அன்றைய கடல் ஏற்ற நேரத்தையும் பார்த்து, தண்ணீர் வேகமாக ஏறும் நேரத்தில் பிள்ளைகள் கரையில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்படி திட்டமிடுங்கள். கரையை அடைந்ததும் கொடி எதுவும் கண்ணில் படவில்லை என்றால், வலையை உதறிக்கொண்டிருக்கும் மீனவர் யாராவது இருப்பார். "பாங், சினி போலே மண்டி தாக்?" (அண்ணே, இங்கே குளிக்கலாமா?) என்று மலாயில் கேளுங்கள். எந்தப் பக்கம் பள்ளம், எங்கே இழுக்கும், எத்தனை மணிக்குத் தண்ணீர் ஏறும் என்று அவர் கையை நீட்டியே காட்டிவிடுவார்.